அவர் சுருட்டு அவருக்கு

ஊசி என் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. இரத்தம் வரவில்லை. என் பயம் தொடங்கியது அங்கேதான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு முன்னால், ஐந்தடி நடைபாதையில் தையல் இயந்திரம் போட்டிருந்தேன். தையல்காரனுக்கு ஊசி குத்துவது புதிதல்ல. ஒரு சொட்டு வரும், வாயில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அழுத்தினேன், பிழிந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

கால் அதற்கு முன்பே சொல்லிப் பார்த்தது, நான்தான் கேட்கவில்லை. கடையிலிருந்து தேக்கா சந்தை நடக்கும் தூரம்தான். அதற்குள் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். சும்மா நின்றால் யாராவது கேட்பார்களே என்று, நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பேன். புகைக்க நின்றவன் மாதிரி தெரியும். என் புத்தியைப் பாருங்கள்! காலைத் தின்றுகொண்டிருந்த பொருளை வைத்தே கால் வலியை மறைத்தேன்.

தைப்பூசம் வருவதற்குள் வலது காலின் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. உள்ளே எரியும், தொட்டால் ஐஸ். என் மனைவி பாக்கியம் அழுதுகொண்டே என்னை அரசாங்க மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் புறங்காலில் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார். கிடைக்கவில்லை.

பர்ஜர் நோய் என்றார். அதிகம் பேருக்கு வராதாம். புகைக்கிறவர்களுக்கு, அதிலும் இளவயது ஆண்களுக்கு வருமாம். கை காலுக்குப் போகிற சின்ன இரத்தக் குழாய்கள் வீங்கி, உள்ளே இரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். இரத்தம் போகாத சதை செத்துவிடும். கறுத்த விரலை எடுத்தாக வேண்டும் என்றார்.

"ஊசி, மருந்து ஏதாச்சும் குடுத்து நிறுத்த முடியாதா டாக்டர்?" என்று பாக்கியம் கேட்டாள்.

"மருந்து இவரின்ரை கையிலைதான் இருக்கு. சிகரெட்டும் கூடாது, பீடியும் கூடாது, சுருட்டும் கூடாது. ஒண்டும் கூடாது. விட்டால் கால் இருக்கும். விடாட்டில் கால் போகும். நடுவிலை ஒண்டும் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது என்றேன்.

விரலை எடுத்துவிட்டுப் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனர் இருந்தார். அவருக்கும் இதே நோய். இரண்டு காலும் முழங்காலோடு போய்விட்டன. வலது கையில் இரண்டே விரல். ஒரு நாள் அவர் அந்த இரண்டு விரலையும் உதட்டில் வைத்துக் காட்டி, "ரோக்கோ அடா?" என்று மலாயில் கேட்டார். சிகரெட் இருக்கிறதா என்று கேட்கிறார்! நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. அவர் கேட்ட அதே நிமிடம் எனக்கும் ஒன்று வேண்டும் போல இருந்தது. அதற்குத்தான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிகரெட்டை விட்டேன். ரயில் பாதை ஓரத்து மரத்தடி முனீஸ்வரரிடம் போய் விழுந்தேன். "இன்னொரு விரல் போகக் கூடாது சாமி. வெள்ளிக்கிழமை தவறாமல் உனக்குச் சுருட்டு வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுருட்டைப் பற்ற வைத்துச் சாமிக்குப் படைப்போம். பூசை முடிந்ததும் வேண்டிக்கொண்டவன் கையில் பிரசாதமாகத் தருவார்கள். நானும் வாங்கினேன். பிரசாதத்தைக் கீழே போடலாமா? மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, கடைசிவரை இழுத்தேன். டாக்டர் பிரசாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமி கொடுத்தது சாமியின் பிள்ளையை என்ன செய்யும்? வாரம் முழுக்க வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அதைப் பக்தி என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் இடது கால் பெருவிரலில் புண் வந்தது. ஆறவில்லை.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "புகைக்கிறீரோ?"

"இல்ல டாக்டர். சாமி சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் கூடுது? இப்பிடியே போனால் அடுத்த முறை விரல் இல்லை, முழங்காலுக்குக் கீழை எடுக்க வேண்டி வரும்."

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். தையல் மிதிக்கக் கால் வேண்டும். கால் இல்லாத தையல்காரனை நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கியமும் கூட வந்தாள். பூசாரி அண்ணன் பகலில் தண்டவாள வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். பூசையில் அவருக்கு அருள் வந்தது. நான் வழக்கம்போலச் சுருட்டுக்குக் கையை நீட்டினேன். ஆடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி.

"எனக்குக் குடுத்தத நீ ஏண்டா இழுக்குற?"

கையை இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.

"காலக் கேட்ட. சுருட்டையும் கேக்குற. ரெண்டுல ஒண்ண எடுத்துக்கிட்டுப் போடா!"

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே பேச்சு, இப்போது சாமி வாயிலிருந்து வருகிறது. அங்கே பொய் சொல்லித் தப்பித்தேன். இங்கே யாரிடம் பொய் சொல்வது? வாய்விட்டு அழுதேன். "கால் போதும் சாமி" என்றேன். வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

வழியில், "நீதான் பூசாரிகிட்ட சொல்லி வச்சியா?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"நான் ஏங்க அவருகிட்ட சொல்றேன்? சாமிகிட்டதான் கேட்டேன். நீங்க காலக் குடு காலக் குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நான் அதக் கேக்கல. உன் சுருட்ட இவரு கையில குடுக்காத சாமின்னு மட்டும் கேட்டேன்."

இத்தனை வெள்ளிக்கிழமை நான் கேட்டது நடக்கவில்லை. அவள் கேட்டது ஒரே நாளில் நடந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரங்கள் கொடுமை. கண்டவர்மேல் எரிந்து விழுந்தேன், வாயில் கிராம்பு போட்டு மென்றேன். ஆனால் ஆடி மாதத்துக்குள் புண் காய்ந்துவிட்டது. டாக்டர் மறுபடி நாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. அது திரும்பாதாம். சின்னச் சின்னக் குழாய்கள் வேறு வழி பிடித்து இரத்தத்தைக் கொண்டுபோகும், புகைத்தால் அதுவும் அடைபடும் என்றார். "இப்ப உண்மையாவே விட்டிட்டீர்" என்று சிரித்தார்.

பத்து வருடம் ஆகிவிட்டது. எனக்குக் கால் விரல் ஒன்பது. ஒன்பதும் இருக்கின்றன, தையல் மிதிக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை. மழைக் குளிரில் விரல் வெளுத்தால் உடனே அழுத்திப் பார்ப்பேன். போன வாரம் ஊசி குத்தி ஒரு சொட்டு வந்தது. துடைக்காமல் பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்தால், விரல் வெளுத்தால், மறைக்காதீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சாமியிடமும் சொல்லுங்கள், அவர் கேட்பார். வெள்ளிக்கிழமை மரத்தடிக்கு வாருங்கள். இப்போது பாக்கியம்தான் சுருட்டைப் பற்ற வைக்கிறாள், நான் தள்ளி நிற்கிறேன். அவருடையதை அவரிடம் வைத்துவிட்டு, நாம் வெறுங்கையோடு நடந்தே வீட்டுக்குப் போவோம்.