பல்செட்காரரும் பின்சக்கர புஷ்ஷும்

புதிதாக வாங்கிய ரப்பர் எதுவானாலும் அவர் முதலில் கடித்துப் பார்ப்பார். குழாய் வாஷர், குக்கர் வளையம், செருப்பு வார், எல்லாம் அவருடைய கடைவாய்க்கு ஒரு தடவை போய்த்தான் வரவேண்டும். இன்று கடித்துக்கொண்டிருப்பது அறுபது வருஷத்துப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்குள் போகவேண்டிய புஷ். இரும்புக் குழாய்க்குள் ரப்பர், அந்த ரப்பருக்குள் இன்னொரு குழாய். விளிம்பில் பிதுங்கிய ரப்பரை அழுத்தமாகக் கடித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வீட்டுல சாப்பிட வேற ஒண்ணுமே இல்லையா?" என்றார் மனைவி.

"பழைய சரக்கா இருந்தா பல்லுத் தடம் அப்படியே நிக்கும். இது எழுந்திரிச்சுடுச்சு பாரு."

கடித்த பற்கள் அவர் கையாலேயே செய்தவை, மேல்வரிசையும் கீழ்வரிசையும். முன்னறையில் முப்பத்தைந்து வருஷமாகப் பல்செட் செய்கிறார். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்காரர்தான். ஆனால் காரை எடுக்கும்போது மட்டும் வாயில் பல் இருக்காது. கேட்டருகே மனைவி ஒரு நீல டப்பாவைத் திறந்து நீட்டுவார். அவர் இரண்டு வரிசையையும் கழற்றி அதில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளும். பல் வாயில் இருந்தால் மேல்வரிசை நாக்கின்மேல் வந்து விழும்.

"மாமா செஞ்ச பல்லு மாமா வாயிலயே நிக்கலயே, ஊர்ல வேற எவன் வாயில நிக்கும்?" என்பார் மனைவியின் தம்பி. சொந்தமாக கராஜ் வைத்திருப்பவர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு.

"பல்லு மேல குத்தம் இல்லடா. வண்டி மேல."

ஒருவரும் நம்பியதில்லை.

வண்டி பச்சை நிறம், இரண்டே சீட், துணிக்கூரை. கோழிகள் அடைந்துகிடந்த கொட்டகையிலிருந்து இழுத்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எஞ்சின், தரைத்தகடு, பிரேக், எல்லாம் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. ஆனால் தகுதிச் சோதனையில் இரண்டு தடவை தோற்றுவிட்டது. ஆய்வாளர் இடுப்பால் ஒரு முட்டு முட்டினார். பின்பக்கம் நடைவண்டி மாதிரி ஆடியது. "இன்னொரு தடவை இப்படி ஆடினா ரோட்டுக்கே வரமுடியாது. பதிவு ரத்து" என்று சொல்லி, வரும் வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அவரை உறுத்தியது வேறு. கிழிந்து தொங்கிய புஷ்கள் நான்கே மாதம் முன்பு அவரே புதிதாகப் போட்டவை. போட்ட புதிதில் மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மாதமே திருப்பத்தில் பின்பக்கம் சறுக்கி நடைபாதையில் ஏறியது. இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்த மனைவி, "இனிமே அந்த வண்டில என்னை ஏத்தணும்னா மூட்டையா கட்டித்தான் ஏத்தணும்" என்றார். பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். போட்ட மார்க்கைத் திருத்தும் பழக்கம் இல்லை.

விடை செவ்வாய்க்கிழமை வந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பஸ் கண்டக்டரின் வாய் வழியாக. மெழுகில் பதித்த பற்களை அவர் வாயில் வைத்துவிட்டு, எல்லாரிடமும் சொல்வதைத்தான் பல்செட்காரர் சொன்னார்: "வாயை மூடி நல்லா கடிங்க. திறந்த வாயில எந்தப் பல்லும் அழகாத்தான் நிக்கும்."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடப்பாவி! திறந்த வாயிலதானே இறுக்கியிருக்கேன்!"

"ம்ம்?" என்றார் கண்டக்டர், கடித்த வாயைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

போன தடவை வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழு மூச்சாக முறுக்கிவிட்டார். தொங்கிய நிலையிலேயே ரப்பர் பிடிபட்டுப்போனது. வண்டி தரைக்கு இறங்கி எடை ஏறியதும் ஸ்பிரிங் பட்டை வளைந்தது. உள்ளே ரப்பர் முறுகியது. கழுத்தைத் திருப்பிப் படுக்கவைத்த நோயாளி மாதிரி இரவும் பகலும் முறுகியே கிடந்தது. நாலு மாதம் தாங்கியதே அதிகம். முப்பத்தைந்து வருஷம் பிறருக்குச் சொன்னதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளாத மனிதர், கண்டக்டரை அனுப்பிவிட்டு அன்றைக்குக் கடையை மூடினார்.

போன தடவை மாற்றாமல் விட்ட பழைய, துருப்பிடித்த போல்ட் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அறுத்தே எடுத்தார். ஒன்றரை நாள், ஏழு ரம்பத் தகடு. புதிய புஷ்களை ஃப்ரீசரில் வைத்தார்.

"ஃப்ரீசர்ல கறுப்பா நாலு கிடக்கே, என்ன அது?"

"குளிர்ந்தா முடியளவு சுருங்கும். அது போதும் எனக்கு."

"அது கிடக்கறது என் ஐஸ் டிரேல."

ஸ்பிரிங் பட்டையின் முனைத் துளையில் சோப்புத் தண்ணீர் தடவினார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பல்செட் அச்சை அழுத்தும் பிரஸ்ஸுக்கு நடுவே அந்த முனையை நுழைத்து, திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக இறக்கினார். புஷ் முனகாமல் உள்ளே போனது. ஸ்பிரிங்கை வண்டியில் மாட்டி, போல்ட்டுகளைக் கையால் முடுக்கியதோடு நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை வேடிக்கை பார்க்க மச்சினன் வந்தார். சக்கரங்கள் பலகை அடுக்கின் மேல் முழு எடையோடு நின்றன. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தது.

"எதுக்கு மாமா இவ்வளவு சடங்கு? தூக்கின கையோட ஒரே முறுக்கு. நாங்க வருஷத்துக்கு முந்நூறு வண்டி அப்படித்தான் அனுப்புறோம்."

"அதான் முந்நூறும் திரும்பி வருது. ஏறி உக்காரு."

"எங்க?"

"ஸ்டியரிங் பக்கம். ஆள் உக்காந்தாத்தான் வாய் மூடும்."

மச்சினன் வயிற்றை உள்ளிழுத்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் நுழைந்தார். இன்னொரு சீட் காலி. பல்செட்காரர் வாசலைப் பார்த்தார்.

"நான் என்ன மூட்டையா?" என்றார் மனைவி.

"நீதானே சொன்ன, மூட்டையா ஏத்துன்னு. எடை எவ்வளவு? கணக்குக்குக் கேக்கறேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கேக்காம இருந்தீங்களே, அப்படியே இருங்க."

உள்ளே போனவர் திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டோடு திரும்பி வந்தார். "வண்டி நகராதுல்ல?" என்று கேட்டுக்கொண்டு ஏறி, மடியில் கட்டைப் பிரித்துச் சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்தார். அவர் பாரத்தில் பின்பக்கம் இன்னும் விரற்கடை இறங்கியது. கீழே படுத்திருந்த பல்செட்காரர், "அப்படியே! யாரும் தும்மக்கூட கூடாது!" என்று கத்தினார்.

"அக்கா, மூச்சு விடலாமான்னு கேளு."

"பேசாம இருடா. இங்க ஒருத்தன் ஏழேழு நாப்பத்தேழுன்னு எழுதியிருக்கான்."

முதல் போல்ட். ஸ்பேனர் முனகியது, நின்றது. இரண்டாவது. மூன்றாவதும் நான்காவதும் மறுபக்கம். இறுகிய ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. அறுபத்து மூன்று வயதில் தரையிலிருந்து எழ ஒரு முறை உண்டு: முதலில் பக்கவாட்டில் புரள வேண்டும், பிறகு முழங்கை, பிறகு முழங்கால். அன்று அவர் அந்த முறையெல்லாம் பார்க்கவில்லை. ஒரே எம்பில் எழுந்து தலையைக் கார் கொட்டகையின் குழாயில் இடித்துக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் இடுப்பால் முட்டினார். வண்டி அசையவில்லை. மறுபடி முட்டினார், ஆய்வாளர்தான் அசைந்தார். ஏறி உட்கார்ந்து, மைதானத்தின் குறுக்கே போட்டிருந்த மேடுகளில் ஓட்டிவிட்டு வந்தார்.

"எந்த மெக்கானிக்?"

"நாந்தான் ஷார்" என்றார் பல்செட்காரர். பற்கள் பழக்கப்படி டப்பாவில் இருந்தன.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பற்களைக் கழுவி மாட்டிக்கொண்டு, காலி டப்பாவை வழக்கமான அலமாரியில் வைத்தார். மாலை மறுபடி வண்டியைக் கேட்டுக்குக் கொண்டுவந்தபோது, தெருக்கோடியில் குழாய்க்காகத் தோண்டி மூடாத பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. மச்சினன் கேட்டில் சாய்ந்து நின்றார். மனைவி வெளியே வந்தார், கையில் விடைத்தாள் இல்லை. கதவைத் தானே திறந்து ஏறி, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டார். பிறகு பழக்கம் விடாமல் நீல டப்பாவைத் திறந்து நீட்டினார்.

பல்செட்காரர் டப்பாவை வாங்கினார். அழுத்தி மூடினார். காலி டப்பாவை ஜன்னல் வழியே மச்சினன் கையில் வைத்துவிட்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி, பள்ளம் இருந்த பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினார்.