ஒளித்து வைத்த நகல்

மடிப்பு மடிப்பாக நீளும் அச்சுத்தாள். அதில் பதினோரு இடங்களில் சிவப்பு மையில் வட்டம். தேரடித் தெரு மாடியில் இருந்த எங்கள் சின்னக் கணினி அலுவலகத்தில், எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்த அக்கா அதை என் மேசையில் விரித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. லாட்ஜ் ஒன்றுக்கு அறைப் பதிவு செய்யும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். தங்க வருபவரின் விவரத்துக்காகக் கணினி நினைவகத்தில் இடம் வாங்க வேண்டும். அவர் காலி செய்ததும் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரே வேலையை ஆளாளுக்கு எழுதிப் பதினோரு நகல் ஆக்கியிருந்தோம். "ஒண்ணு இருந்தா போதும்பா, எல்லாரும் அதையே கூப்பிடலாம். பதினோரு எடத்துல யாரு தப்பு தேடறது?" என்றார். எல்லாரும் எடுத்தாளும் வரிகளை வைக்கும் லைப்ரரி என்ற பொதுக் கோப்பில் ஒன்றைப் புதிதாக எழுதிவிட்டுப் பதினொன்றையும் அழித்தார். அழிந்ததில் நான்கு என்னுடையவை.

எனக்கு அப்போது தலைக்கனம் ஜாஸ்தி. பதிவுப் பகுதியில் மட்டும் என் பழைய வரிகளை யாருக்கும் தெரியாமல் திரும்பப் போட்டேன். வாங்கிய இடத்தைத் திருப்பித் தர அதில் நான் மறந்திருந்தேன். சாதாரண நாளில் அது வெளியே தெரியாது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர்களோ குளித்து, உடை மாற்றி, சற்றே காலை நீட்டிப் படுக்க மட்டும் அறை எடுப்பார்கள். ஒரே அறை ஒரே நாளில் நான்கைந்து குடும்பங்களுக்குக் கைமாறும். புரோகிராமை லாட்ஜில் ஓடவிட்டபின் வந்த முதல் பௌர்ணமி மதியம் நினைவகம் நிரம்பி, கணினி அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது, ஜனம் வாசல்ல நிக்குது. எனக்கு என் நோட்டே போதும்" என்றார் லாட்ஜ்காரர், ஓடிப்போய் நின்ற எங்களிடம்.

"நான்தாங்க கடைசியா மாத்தினேன். என் தப்புதாங்க" என்றார் அக்கா.

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் என் வரிகளைச் சத்தமில்லாமல் அழித்தேன். அக்கா தன் லைப்ரரியை வாரக்கணக்கில் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். முதலாளி அதன்பின் அவரை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. சில மாதங்களில் அவர் வேலூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பல வருடம் கழித்து ஒருநாள் அக்கா போனில் பேசினார். குடும்பம், வேலை எல்லாம் பேசி முடித்தபின், "அன்னைக்கு லாட்ஜ்ல ஏன் நின்னுபோச்சுனு இன்னும் புரியலப்பா. எங்க விட்டேன்னே தெரியல" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ நான் எழுதினதுல தப்பு இல்லையா?"

"இல்லக்கா."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதுக்கப்புறம் நான் எழுதின எதையும் வேற யாருக்கும் குடுத்ததே இல்லப்பா. பயமா இருந்துச்சு."