மீட்டிங் நாளில் அறுந்த லைன்

எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. சும்மா கிடக்கிற நாளெல்லாம் ஒழுங்காக நிற்கும். நான் மேலாளர் முன்னால் வாயைத் திறந்தால் பொசுக்கென்று அறுந்துவிடும்.

பாளையம்பட்டியில் முன்பக்கம் பலசரக்குக் கடை, பின்பக்கம் வீடு. கடையைப் பார்ப்பது என் மாமியார். கல்யாணமாகி வந்தபோது சென்னைக் கம்பெனி வேலையையும் கையோடு கொண்டுவந்திருந்தேன், இன்சூரன்ஸ் கேட்டு வருகிறவர்களின் பில்களைச் சரிபார்க்கிற வேலை. பின்கட்டில் செல்போன் டவர் எடுக்காது. ஃபைபர் கேபிள் வருகிறது, வருகிறது என்கிறார்கள், எங்கள் தெருவுக்கு மட்டும் வந்தபாடில்லை. ஆகவே மாமனார் காலத்தில் இழுத்த டெலிபோன் லைனில்தான் என் பிழைப்பு ஓடியது.

மேலாளர் ஒருநாள் நறுக்கென்று சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கிலும் லைன் போனால், ஒன்று சென்னைக்கு வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பரளச்சிப் பக்கம் மிளகாய் வத்தல் லோடு ஏற்றப் போகிற அவசரத்தில், விட்டுத் தொலை, கல்லாவில் உட்கார் என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நான் படித்து வாங்கிய வேலை. ஒரு பாழாய்ப்போன கம்பிக்காக அதை விடுவதா?

லைன்மேன் ஏற்கெனவே வந்து பார்த்திருந்தார். போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் வயரைப் புதிதாக மாற்றினார். வெளியே எல்லாம் சுத்தம், கோளாறு இருந்தால் வீட்டுக்குள்தான் இருக்கும் என்றார். உள்ளே வயர் கடைச் சுவரில் இருக்கிற சாமி படத்துக்குப் பின்னால் போய்த்தான் வீட்டுக்கு வருகிறது. படத்தைத் தொட வேண்டாம் என்று மாமியார் சொல்ல, அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள் என்றால் நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அதற்கப்புறம் கேட்கிறதுதான் லைனின் சொந்தச் சத்தம். கரகரவென்று இரைந்தது. குடோனுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போன் இருந்த காலம் மலையேறிவிட்டது, வயர் மட்டும் மழையிலும் வெயிலிலும் கிடந்து செத்திருந்தது. வெட்டி எறிந்தேன். கரகரப்பு ஒழிந்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் மோடத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு, இரைச்சலைவிட நம் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்று எண்ணில் காட்டும். அந்த எண் ஏறிவிட்டது. தோழியோடு நெடுநேரம் வீடியோவில் பேசிப் பார்த்தேன், அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

வியாழக்கிழமை திடீரென்று ஒரு மீட்டிங். அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்ததும் அந்த எண் சரசரவென்று இறங்கியது. மோடத்தில் விளக்கு அணைந்தது. அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, அன்று மேலாளர் லீவு.

மாமியாருக்கும் பொறுக்கவில்லை. அந்த மீட்டிங்குக்கே கண் பட்டிருக்கிறது என்று வத்தலும் உப்பும் எடுத்து மோடத்தைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை, பெரிய கண்ணாகத்தான் இருக்கும் என்றார். எனக்கு இருந்த எரிச்சலில், நம் கடை வத்தல் அந்த லட்சணம் என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி வரை என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கடையில் ஆள் இல்லை. கல்லா பக்கத்தில் நின்று, ஒரு எண்ணை அழுத்திவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இந்த நேரம் பார்த்து ஆபீஸ் மீட்டிங்கா என்று மாமியார் கேட்டார். ஏதோ நினைவில் ஆமாம் என்றேன். அவர் எழுந்துபோய்ச் சாமி படத்துக்கு மேலே இருந்த சுவிட்சைத் தட்டினார். படத்தைச் சுற்றிச் சீரியல் செட் சிவப்பும் பச்சையுமாக மின்னியது.

என் காதில் ஙொய்யென்று ஒரு இரைச்சல்.

அணைக்கச் சொன்னேன். அமைதி. போடச் சொன்னேன். ஙொய். மறுபடி அணை, மறுபடி போடு. என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துபோனார். மற்ற நாளில் எண்ணெய் விளக்கோடு சரி, இதை எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ மீட்டிங்குன்னு கதவச் சாத்துனா நான் இதப் போட்டுருவேன்ல. ஒனக்கு லைனு நிக்கணும்னுதேன்" என்றார்.

பங்குனிப் பொங்கல் கடைவீதியில் வாங்கிய மலிவுச் சரக்கு அது, போட்டால் அதன் அடாப்டர் இரைச்சல் படத்துக்குப் பின்னால் போகிற வயரில் ஏறிவிடும். என் லைன் மீட்டிங்கில் மட்டும் அறுந்த ரகசியம் அதுதான். இத்தனை மாதமும் நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு லைனைத் திட்ட, வெளியே இந்த மனுஷி எனக்காக வேண்டிக்கொண்டு அதை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படத்தான் நினைத்தேன். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. விஷயத்தைச் சொன்னதும் மாமியார் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நானா ஒன் பொழப்புல மண்ணப் போட்டேன்?"

இல்லை அத்தை, இந்த அடாப்டர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை படத்தை இறக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் நான் எழும் முன்னே தலைக்குக் குளித்து, படத்தை அவரே இறக்கி வைத்திருந்தார். பின்னால் ஆணியில் டெலிபோன் வயரின் பழைய ஒட்டு, இன்சுலேஷன் டேப் உரிந்து, பச்சையாகக் களிம்பு பிடித்துத் தொங்கியது. சீரியல் செட்டின் அடாப்டர் அதோடு பின்னிக் கிடந்தது. ஒட்டை வெட்டி, ஒரே வயராக வேறு சுவர் வழியே இழுத்தேன். எண் முன்பைவிடவும் ஏறி நின்றது.

திங்கட்கிழமை மீட்டிங். மேலாளர் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறதா, கேட்கிறதா என்றார். "நல்லாக் கேக்குது சார். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க" என்றேன். அவரும் விடவில்லை, மணிக்கணக்கில் பேசினார். இடையில் சென்னையில் அவருடைய லைன்தான் ஒருமுறை அறுந்து, திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல். கடைசியில், சரி, அங்கிருந்தே வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

துள்ளிக்கொண்டு கதவைத் திறந்தேன். கடை இருட்டாக இருந்தது. ஃபேன் ஓடவில்லை, பிரிட்ஜ் ஓடவில்லை, மின்தராசு செத்துக் கிடந்தது. வீட்டுக்கும் கடைக்கும் தனித்தனி மீட்டர். கடையின் மெயினையே அணைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார் மாமியார். முன்னால் நாலைந்து பேர் பையும் கையுமாக முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

"நின்னுச்சா?" என்றார்.

"நின்னுச்சு அத்தே."

அவர் எழுந்து மெயினைப் போட்டார். ஃபேன் சுழன்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எம் மருமக பேசி முடிச்சுட்டா. இப்பச் சொல்லுங்க, யாருக்கு என்ன வேணும்?"