கம்பிப் பல்லும் கார்னெட்டும்

கலோலைனேக்கு நாற்பத்து நான்காவது வயதில் பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். ஆக்லாந்தின் மாங்கரே பகுதியில் இருக்கிற டோங்காத் தீவுக்காரர்களின் சபையில் பெரியவர்கள் யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. பெரியவர்கள் பல்லுக்கு ஏதாவது செய்துகொண்டால் அது தங்கமாகத்தான் இருக்கும்.

அவளும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்ளவில்லை. கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசையின் பின்பக்கத்தை வருஷக்கணக்காக இடித்து இடித்து, முன்பல் இரண்டும் லேசாக ஆட ஆரம்பித்திருந்தன. "இப்படியே விட்டா ரெண்டு மூணு வருஷத்துல விழுந்துரும்" என்று பல் டாக்டர் ஃபாங் சொன்னார். வேறு ஒருத்தியாக இருந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும் என்றிருப்பாள். கலோலைனே சபை பேண்டில் முதல் கார்னெட் வாசிப்பவள். டிரம்பெட்டைவிடக் கொஞ்சம் குட்டையான பித்தளை ஊதுகுழல் அது. இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டதில்லை. முன்பல் போனால் கார்னெட்டும் போய்விடும்.

டாக்டருடைய கிளினிக்கில் கம்பி கட்ட இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தாள். கிடைத்த தேதியோ ஆக்லாந்து டோங்கா சபைகளின் பேண்டுப் போட்டிக்கு ஐந்து வாரம்தான் முன்னால்.

"போட்டி முடிஞ்சு போயேன் கலோ. என்ன அவசரம்?" என்றான் புருஷன் செமிசி.

"விட்டா மறுபடி வரிசையில கடைசி ஆளா நிக்கணும். பல்லு எனக்காக நிக்குமா?"

கட்டி முடித்து வீட்டுக்கு வந்த அன்று பெரிய வலி ஒன்றுமில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தாள். மறுநாள் காலையில் எழுந்தபோது, யாரோ பல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துத் திருகுவதுபோல இருந்தது. ரொட்டியைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு நாள் தேங்காய்ப்பாலில் கரைத்த சேப்பங்கிழங்குக் கூழும் சூப்பும்தான். விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் அவளுக்கு வேலை. நாளைக்கு இரண்டாயிரம் தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும் வைத்து அனுப்பிவிட்டு, மூலையில் உட்கார்ந்து தயிரை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி முன்னால் நின்று இருபது நிமிஷம் பல் தேய்க்க வேண்டியிருந்தது. கம்பிக்கு இடையில் சிக்கிய ஒரு கீரைத் துணுக்கை எடுப்பதற்குள் மதிய இடைவேளை முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அத்தை ஃபுசிபாலா வீட்டில் சாப்பாடு. அத்தை கலோலைனேயின் அப்பாவுக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம், அவள் சிரித்தால்தான் மற்றவர்கள் சிரிக்கலாம். அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல்.

"எங்க, வாயைத் தொற" என்றாள் அத்தை. கலோலைனே திறந்தாள். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஏண்டி, என்னடி இது, பன்னி தாண்டாம இருக்க வேலி கட்டின மாதிரி இருக்கு? உனக்குத் தங்கம் கெடைக்கலையா?"

வீடே சிரித்தது. செமிசிகூடத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் கலோலைனே சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அத்தைக்குப் பதில் பேசுவது நடக்காத காரியம். வாயை மூடிக்கொண்டாள். மூடியதும் கம்பி உதட்டில் குத்தியது. எதிரே சுட்ட பன்றியின் மொறுமொறு தோலை எல்லோரும் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு, சேம்பு இலையில் இறைச்சியைப் பொதிந்து வேகவைத்த லூவிலிருந்து இலையை மட்டும் பிசைந்து கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை பேண்டு ஒத்திகை. கட்டி ஒன்பதாவது நாள். உதட்டில் குத்தாமலிருக்க கிளினிக்கில் கொடுத்த மெழுகை உருட்டிக் கம்பிமேல் ஒட்டிக்கொண்டு போனாள். பேண்டு மாஸ்டர் பௌலியாசி கையை உயர்த்தினார். போட்டிக்கு எடுத்திருந்த கீர்த்தனையின் நடுவில் முதல் கார்னெட் தனியாக வாசிக்கிற பகுதி ஒன்று உண்டு. கீழே இருந்து படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு சுரத்தில் நின்று, நீளமாகப் பிடிக்க வேண்டும். போட்டியில் தனி வாசிப்புப் பரிசு அதற்குத்தான்.

கலோலைனே ஏறினாள். பாதியில் வெறும் காற்றுதான் வந்தது. கார்னெட்டை இன்னும் அழுத்தி ஊதினாள். உதட்டின் உள்பக்கம் கம்பியில் சிக்கி அறுபட்டது. எடுத்துப் பார்த்தால் ஊதுமுனை முழுக்க ரத்தம்.

பௌலியாசி யாரையும் தடவிக் கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. "லிசியாத்தே, நீ வாசி" என்றார்.

லிசியாத்தே இரண்டாவது கார்னெட். முப்பது வயது. எழுந்து நின்று அந்தப் பகுதியைத் தடுமாறாமல் வாசித்தான். முடித்துவிட்டுத் திரும்பி, "கவலப்படாதீங்க அக்கா. கம்பி கழட்டினதும் திருப்பித் தந்துர்றேன். எப்ப கழட்டுவாங்க?" என்றான்.

"ரெண்டு வருஷம்."

"அய்யோ, அதுக்குள்ள எனக்கே வயசாயிருமே!"

பேண்டு முழுக்கச் சிரித்தது. கலோலைனே கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உன் தாளத்துக்கு இப்பவே வயசாயிருச்சுடா" என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் ஊதுமுனையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அதற்கடுத்த வாரம் கம்பியின் நுனி ஒன்று கடைவாய்ப் பக்கம் நீட்டிக்கொண்டு கன்னத்தைக் கிழித்தது. கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் ஃபாங் நுனியை வெட்டிவிட்டு உதட்டைப் பார்த்தார்.

"என்ன பண்ணினீங்க? உள்ள இப்படிப் புண்ணாயிருக்கு?"

"கார்னெட் வாசிச்சேன் டாக்டர்."

"வாசிக்க வேணாம்னு சொல்லல. அழுத்தாதீங்க. உப்புத் தண்ணி கொப்பளிங்க. அழுத்தினா ஆறவே ஆறாது."

அழுத்தாமல் எப்படி ஊதுவது? மேலே ஏற ஏறக் கார்னெட்டை உதட்டோடு சேர்த்து இழுத்துப் பிடித்துத்தான் அவள் இத்தனை வருஷமும் ஊதியிருக்கிறாள். அது கெட்ட பழக்கம் என்று அவளுக்கே தெரியும். சத்தம் வந்ததால் விட்டுவிட்டாள்.

புண் ஆற ஐந்து நாள் கார்னெட்டைத் தொடவில்லை. ஆறாவது நாள் சமையலறை மேசைமேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் கார்னெட்டை வைத்தாள். கையால் பிடிக்கவே கூடாது என்று முடிவு. மூன்று விரல் மட்டும் பொத்தான்களில். குனிந்து உதட்டை வைத்து ஊதினாள். கொஞ்சம் அழுத்தினாலும் துண்டோடு சேர்ந்து கார்னெட் மேசையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் உதட்டை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

செமிசி வாசலில் நின்று பார்த்தான். "என்ன கலோ, கார்னெட் உங்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடுதா?"

"ஓடட்டும். எங்க போயிரும்?"

முதல் நாள் ஒரே ஒரு சுரம், அதுவும் கன்றுக்குட்டி கத்துவதுபோல. இரண்டாம் நாள் மூன்று சுரம். உதட்டின் இரண்டு ஓரத்தையும் இறுக்கி, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ள வேண்டும். நடு உதடு சும்மா அதிர வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி நீளச் சுரங்களாக ஊதினாள். வேலைக்குப் போனாலும் மதிய இடைவேளையில் கார் நிறுத்துமிடத்தில், காரின் முன்பலகைமேல் துண்டைப் போட்டு ஊதினாள். மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வயிற்றுத் தசைகள் வலித்தன. உதடு வலிக்கவில்லை.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேசையில் கார்னெட் அசையாமல் கிடக்க, அந்த உச்சிச் சுரம் வந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவள் சத்தம் மெலிந்து கீச்சென்று போகும். இப்போது கீழே எப்படி இருந்ததோ அப்படியே உருண்டையாக நின்றது. அவளே பயந்துபோய் நிறுத்திவிட்டாள். மறுபடி ஊதினாள். மறுபடியும் வந்தது. அடுத்த அறையில் செமிசி டிவியை அணைத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஒத்திகையில் எழுந்து நின்று, "மாஸ்டர், அந்தப் பகுதி எனக்கு வேணும்" என்றாள்.

பௌலியாசி அவள் வாயைப் பார்த்தார். "போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. அவன் நல்லா வாசிக்கிறான்."

"நான் அவனவிட நல்லா வாசிக்கிறேன்."

"ஓகோ!" என்று டிரம் பக்கத்திலிருந்து குரல்கள் எழும்பின. லிசியாத்தே கையைக் கட்டிக்கொண்டான். "நானா குடுக்க மாட்டேன் அக்கா. ஜெயிச்சு எடுத்துக்கங்க."

பௌலியாசி எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். இருபத்து மூன்று பேரும் திரும்பினார்கள். காசு சுண்டிப் பார்த்ததில் லிசியாத்தே முதலில் என்று வந்தது. அது இவர்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாசித்தான், சுத்தமாக, பலமாக. பிறகு கலோலைனே கார்னெட்டை இரண்டு விரலில் பூப்போலத் தாங்கிக்கொண்டு வாசித்தாள். உச்சியில் நின்ற சுரம் கடைசிவரை மெலியவில்லை.

"முதல்ல வாசிச்சவருக்குக் கை தூக்குங்க." ஐந்து கை.

"ரெண்டாவது." பதினெட்டுக் கை. பௌலியாசி எண்ணி முடித்துத் திரும்பினால் பத்தொன்பதாவது கை லிசியாத்தேயுடையது.

"அஞ்சு பேருக்குக் காது கேக்கல மாஸ்டர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றான்.

போட்டி நாளன்று பதினொரு பேண்டுகள். அரங்கம் முழுக்க, டோங்கா வழக்கப்படி உடுப்புக்கு மேல் இடுப்பில் பாய் கட்டிய ஜனம். இவர்கள் ஏழாவது. மேடை ஏறுமுன் கலோலைனே நாக்கால் தடவிப் பார்த்தாள். முன்பல் கம்பியில் ஒட்டியிருந்த மெழுகு எங்கோ விழுந்திருந்தது. வேறு மெழுகு பையில், பை பஸ்ஸில். பௌலியாசி கையை உயர்த்திவிட்டார்.

மெழுகு இல்லாமலே எழுந்து நின்றாள். உதட்டுக்குப் பின்னால் கம்பியின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது. அதன்மேல் உதட்டை அழுத்தாமல், காற்றை மட்டும் விட்டாள். படிப்படியாக ஏறினாள். உச்சியில் நின்றாள். பௌலியாசி வழக்கமாக நிறுத்தச் சொல்லிக் கையை வெட்டுகிற இடத்தில் வெட்டவில்லை. அவள் தாங்குகிறாள் என்று தெரிந்து இன்னும் இரண்டு தாளம் நிற்க விட்டார். அவளும் நின்றாள்.

"மாலியே!" என்று பின்வரிசையில் ஒருவன் டோங்கா மொழியில் சபாஷ் போட்டான். பிறகு அரங்கமே கத்தியது. மூன்றாவது வரிசையிலிருந்து அத்தை ஃபுசிபாலா எழுந்து, நடைபாதைக்கு வந்து, இரண்டு கையையும் விரித்து ஆட ஆரம்பித்தாள். எழுபத்து மூன்று வயது. அவள் ஆடினால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? அந்த வரிசையே எழுந்து ஆடியது.

பேண்டுக்கு மூன்றாவது இடம்தான். டிரம் ஓரிடத்தில் முந்திவிட்டது என்று நடுவர் எழுதியிருந்தார். பௌலியாசி அதற்காக இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தனி வாசிப்புப் பரிசு கலோலைனேக்கு.

புதன்கிழமை முதல்முறையாகக் கம்பியை முறுக்க கிளினிக்குக்குப் போனாள். உதட்டின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்த டாக்டர் ஃபாங், "ஒரு கீறல்கூட இல்லையே. ஊதுறத நிறுத்திட்டீங்களா?" என்றார்.

"காருல இருக்கு டாக்டர். எடுத்துட்டு வரட்டா?"

எடுத்து வந்து, காத்திருப்பு அறை நடுவில் நின்று வாசித்தாள். நாற்காலிகளில் ஐந்தாறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், ஒவ்வொரு வாயிலும் கம்பி. டாக்டர் கையுறையைக் கழற்றாமலே கதவில் சாய்ந்து நின்றார். கடைசிச் சுரம் முடிந்ததும் கலோலைனே கார்னெட்டை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்து, "முறுக்குங்க டாக்டர்" என்று வாயை அகலத் திறந்தாள்.