விழுந்தால் யாருக்குச் சொல்வது?

தைச்சுங் நகரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லியாவ், வேகமும் தூரமும் காட்டினால் போதும் என்றுதான் சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கப் போனார். கடைக்காரி விடவில்லை.

"இதை எடுத்துக்குங்கண்ணே. நீங்க எங்கயாவது விழுந்தா வீட்டுக்குத் தானா மெசேஜ் போயிடும். யார் நம்பரைப் போடட்டும்?"

லியாவ் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்காரி நம்பர் என்று சொல்லித் தன் நம்பரையே கொடுத்தார்.

மறுவாரம் மலையிறக்கத்தில் ஈரச் சருகு வழுக்கி விழுந்தார். ஓரமாக உட்கார்ந்து முழங்கால் ரத்தத்தைத் துடைத்தார். எதிரே சைக்கிளில் ஏறிவந்த பையன்கள் அவர் மலையேற முடியாமல் இளைப்பாறுவதாக நினைத்து, "விடாதீங்க மாமா, ஏறுங்க!" என்று உற்சாகமாகக் கத்திவிட்டுப் போனார்கள்.

முதுகுப் பையில் போன் மணியடித்தது. நம்மையும் ஒருவர் தேடுகிறாரே என்று அவசரமாக எடுத்துப் பார்த்தார்.

'லியாவ் விழுந்துவிட்டார். உடனே போய்ப் பாருங்கள்.'