ஸ்டாரின் ஐந்தாவது கை

எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டி என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. அதில் விழ வேண்டிய எதையும் அம்மா பாதி வழியிலேயே மறித்துவிடுவாள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, நாடா நாடாக வெட்டி, பின்னிப் பாயாக்குவாள். கிழிந்த நைலக்ஸ் சேலை கால்மிதியாகிவிடும். சிக்கிப் பாழாய்ப்போன கேசட்டின் நாடா மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவலாகப் படபடக்கும். அப்பாவின் பழைய பேண்ட்டில் அவள் தைத்த மார்க்கெட் பைக்குப் பின்பாக்கெட் அப்படியே இருக்கும். சாமான் சீட்டை அதில்தான் வைக்க வேண்டும். நேற்றுவரை தான் போட்டுக்கொண்டு ஆபீஸ் போன துணியில் இன்று கத்தரிக்காய் வாங்குவது அப்பாவுக்கு ஒருமாதிரியாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் வாய் திறக்காமல் தூக்கிக்கொண்டு போவார்.

அப்பாவும் எதையும் வீசமாட்டார். காரணம்தான் வேறு. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும் என்பதற்காக அம்மா வைத்துக்கொள்வாள். யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்பதற்காக அப்பா வைத்துக்கொள்வார். கரண்ட் ரசீது, ரேடியோ வாங்கிய பில், என் முதல் வகுப்பு ரிப்போர்ட் கார்டு எல்லாம் பழுப்பு உறைகளில் தேதி வாரியாக பீரோவில் அடுக்கியிருக்கும். அந்த ‘யாராவது’ கடைசிவரை வந்து எதையும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தோம். நான் மூன்றாவது படித்தபோது அம்மா தூத்துக்குடிக்குப் போனாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் போனவள் அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்துதான் திரும்பினாள். நடுவில் அவளிடமிருந்து கடிதங்கள் வந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்த அந்தக் கடிதங்களைத் தபால்காரர் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் சட்டைப்பையிலிருந்துதான் வரும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

அம்மாவுக்குக் காசநோய் வந்திருந்தது, ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அந்தக் காலத்தில் அந்தப் பெயரைத் தெருவில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பத்து மாதமும் பாலவாக்கத்திலிருந்து அத்தை வந்து எங்களைப் பார்த்துக்கொண்டாள். அத்தைக்குச் சுத்தம் முக்கியம். வந்த முதல் வாரமே அம்மாவின் டப்பா, டின், துண்டுத்துணி எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டாள். வீடு பளிச்சென்று இருந்தது. எனக்குத்தான் வேறு யாருடைய வீட்டிலோ தங்கியிருப்பதுபோல இருந்தது.

அந்த டிசம்பரில் அப்பா ஸ்டார் கட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு வாசலில் ஸ்டார் தொங்கும். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருஷம் கட்டமாட்டார்கள். கோயிலிலிருந்து கேரல் பாடிக்கொண்டு வரும் இளைஞர்கள், ஸ்டார் இல்லாத வாசல் வந்தால் டிரம்மை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் கடந்துபோவார்கள். அந்த வருஷம் எங்கள் வாசலில் அப்படித்தான் டிரம் நின்றது. நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் அத்தை நம்ம வீட்டுக்கு வரல?” என்று கேட்டேன்.

“ஸ்டார் கட்டாத வீட்ல எப்படிப் பாடுவாங்க? துக்க வீடுன்னு நெனச்சிருப்பாங்க” என்றாள் அத்தை. சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டாள். அப்பா எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் தாத்தா பையில் இருந்த மிட்டாய் எனக்குக் கிடைக்காமல் போனதற்கு அவர் வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே அம்மா திரும்பிவந்த வருஷம், நவம்பர் முடிவதற்குள்ளேயே நான் ஸ்டார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டேன். பாண்டி பஜாரில் ஒரு கடையில் சிவப்பு மஞ்சள் காகித ஸ்டார் பார்த்து வைத்திருந்தேன். நான்காவது படிக்கும் எனக்கு ஒரே கவலை: கேரல்காரர்கள் மறுபடி எங்கள் வாசலில் டிரம்மை நிறுத்தக் கூடாது.

“பேப்பர் ஸ்டாரு ஒரு மழைக்குத் தாங்காது பாப்பா. நம்ம கடக்காத்துக்கு ரெண்டு நாள்ல நார்நாராப் போயிடும். நானே பண்றேன்” என்றாள் அம்மா.

கொசுவலை கட்டிய மூங்கில் குச்சிகள் பரணில் அத்தையின் கண்ணுக்குத் தப்பிக் கிடந்தன. அவற்றைப் பிளந்து, சைக்கிள் டியூபை நறுக்கிய ரப்பரால் கட்டி, ஐந்து முனை வைத்துச் சட்டம் செய்தாள். உடைந்த மேசை விளக்கின் ஹோல்டர் நடுவில் ஏறியது. முதுகுப் பக்கம் அடைக்கப் பழைய பிளாஸ்டிக் மேசைவிரிப்பு. முன்பக்கம்தான் மீதி. மழைக்கும் காற்றுக்கும் தாங்க வேண்டும், வெளிச்சமும் வர வேண்டும். அம்மா பீரோவைத் திறந்து, அப்பாவின் உறைகளிலிருந்து பெரியதாக ஐந்தை உருவினாள். உள்ளே கறுப்பு எக்ஸ்ரே படங்கள்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா” என்றார் அப்பா. “டாக்டர் பழைய படம் கேட்டா?”

“ஏன் கேக்கணும்?”

“அடுத்த தடவ எடுத்தா, ஒத்துப் பாக்க வேணாமா?”

“அடுத்த தடவ எதுக்குங்க?”

அப்பா கையை நீட்டினார். உறைகளை வாங்கி உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டினார். சாவியை வழக்கமான ஆணியிலேயே மாட்டினார். ஒரு ஸ்டாருக்காக இவ்வளவு பேச்சா என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

மறுநாள் அப்பா ஆபீஸ் போனதும் அம்மா பீரோவைத் திறந்தாள். நான்கு படம்தான் இருந்தது. ஐந்தாவதை அப்பா எங்கோ மாற்றி வைத்திருந்தார். அம்மா சிரித்துக்கொண்டாள். நான்கு படத்திலும் ஒரு மூலையைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள். அந்த மூலைகளில்தான் அவள் பெயரும் வயதும் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. சதுரம் சரியாக வருவதற்காக வெட்டுகிறாள் என்று எண்ணினேன்.

குளியலறையில் வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்துப் படங்களை ஊறப்போட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தோம். கறுப்பு கரைந்து ஓடியது. விலா எலும்புகள் வரிசையாக மறைந்தன.

“யாரோட எலும்பும்மா இது?”

“இனிமே யாருக்கும் வேணாத எலும்பு. நல்லா அழுத்தித் தேயி.”

பத்து மாதம் இல்லாதவள் என் முழங்காலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். மூச்சிரைக்காமல் தேய்த்தாள், பாடினாள், என் மூக்கில் ஒட்டியிருந்த கறுப்பை முழங்கையால் துடைத்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றாலும் இன்றும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

கழுவி முடித்தபோது நான்கும் வெளிறிய நீலத்தில் கண்ணாடிபோல இருந்தன. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துச் சட்டத்தில் வைத்தால் அழகான ஒரு கை. நான்கு கை தயார். ஐந்தாவதுக்கு அம்மா பால் கவரை ஒட்டுப்போட்டுப் பார்த்தாள், காற்றில் பிய்ந்துகொண்டது. காலண்டர் தாள் ஒட்டினாள். அன்றைய தூறலிலேயே ஊறித் தொங்கியது. சனிக்கிழமை கேரல் வருகிறது என்று கோயிலில் அறிவித்துவிட்டார்கள். நான்கு கை ஸ்டாரைப் பார்த்தால் யாராவது ஸ்டார் என்பார்களா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுப் பீடத்தைத் தூசி தட்டும் வேலை எனக்கு வந்தது. மாதா சுரூபத்தை நகர்த்தினால் பின்னால் சுவரோடு சுவராக ஒரு பழுப்பு உறை நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மாதாவைத் திருப்பி வைக்கக்கூட மறந்துவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.

“வெந்நீர் போடட்டாம்மா?” என்றேன்.

“வேணாம். இத கழுவக் கூடாது. இப்படியே ஒட்டிடலாம்.”

நேரமில்லாததால் சொல்கிறாள் என்று நினைத்தேன். மற்ற நான்கையும் கண் மண் தெரியாமல் நறுக்கியவள், இதற்கு மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு நிதானமாக வெட்டினாள். நடு நெஞ்சில் மடிப்பு விழுந்தது.

சாயங்காலம் வாசல் வேப்பமரத்தில் ஸ்டாரைக் கட்டி ஸ்விட்சைப் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு கை நீலமாக ஜொலித்தது. மேலே நிற்கும் கை மட்டும் கறுத்துக் கிடந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் எலும்புகள் வேறு. தெருவே பார்த்துச் சிரிக்கப்போகிறது.

அப்பா குடையோடு வந்தார். வாசலில் நின்றார். மேலே பார்த்தார். குடையை மடக்காமல் உள்ளே போய்ப் பீடத்தின் பின்னால் தடவிவிட்டுத் திரும்பிவந்தார். திட்டு விழப்போகிறது என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் அப்பா. குரல் எழும்பவே இல்லை.

“வாசல்ல தொங்குது, வந்து பாத்துக்கச் சொல்லுங்க.”

அப்பா மறுபடி நிமிர்ந்து பார்த்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“நல்லாத் தெரியுதுல்ல?” என்றாள்.

“ஆஸ்பத்திரி லைட்ல கூட இவ்ளோ நல்லாத் தெரியல” என்றார் அப்பா. அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று எண்ணி நானும் எட்டிப் பார்த்தேன். அவர் குடையை முகத்துக்கு நேராகத் தாழ்த்திக்கொண்டார்.

ஏழு மணிக்குத் தெருமுனையில் டிரம் கேட்டது. எங்கள் வாசலுக்கு வந்தும் சத்தம் நிற்கவில்லை. மூன்று பாட்டு பாடினார்கள். பஞ்சுத் தாடி வைத்த தாத்தா ஆடினார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் மிட்டாயை வாங்கினேன். பயந்ததுபோலவே டிரம் அடித்தவன் மேலே பார்த்துவிட்டான்.

“இன்னாக்கா, ஸ்டாருல ஒரு கை மட்டும் டல்லா கீது. வேற பல்பு போட்டுக் குடுக்கட்டுமா?”

“வேணாம்ப்பா” என்று அப்பா குறுக்கே வந்தார். வெளியாட்களிடம் அதிகம் பேசாதவர். “அந்தக் கைதான் சரியா இருக்கு.”

சொல்லிவிட்டு உள்ளே போய், கிறிஸ்துமஸுக்கென்று அம்மா பொரித்து வைத்திருந்த கல்கல் முழுவதையும் தட்டோடு கொண்டுவந்து அவர்கள் பையில் கொட்டினார். அம்மா தடுக்கவில்லை. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பலகாரம் காலி. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. போகும்போது அந்த டிரம் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

அன்றைக்கு ஜெபமாலையின்போது நான் ஒரே ஒரு கருத்துக்காக வேண்டிக்கொண்டேன். ஏசப்பா, மற்ற கைகளைப்போல அந்தக் கையும் ஆக வேண்டும், கறுப்பெல்லாம் போய் வெளுக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தேன், கறுப்பாகவே இருந்தது. பண்டிகைவரை தினமும் மண்டியிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கோபம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து குழந்தை ஏசு சுரூபத்தை முத்தமிட்டு முத்தி செய்யும் வரிசையில் என் முறை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். புடவைத் தலைப்பால் அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

போன வருஷம் என் மகனுக்கு விடாத இருமல். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகி, “பாருங்க, ரெண்டு பக்கமும் நல்லா கறுப்பா இருக்கு. காத்து தாராளமாப் போய் வந்தா கறுப்பாத்தான் தெரியும். வெள்ளையாத் திட்டுத்திட்டா இருந்தாத்தான் நாம பயப்படணும். இது வெறும் சளி” என்றார்.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன்.

“படம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“கறுப்பா இருக்கும்மா.”

“அப்பச் சரி. அத வீசிடாத, எங்கிட்ட குடு.”

போனை வைத்த பிறகும் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வாரமும் நான் முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடி, என் அம்மாவின் நெஞ்சு மறுபடியும் வெளுக்க வேண்டுமென்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதைக் கொடுக்க மறுத்த குழந்தையிடம் கோபித்துக்கொண்டு முத்தி செய்யாமல் வந்தும் இருக்கிறேன்.