பின்பக்கம் அமுங்கிய பிக்கப்பில் ஹனம்கொண்டாவுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லாபூரிலிருந்து ஹனம்கொண்டாவுக்கு ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனேன். பிக்கப்பில் கனமான டிரெய்லர் மாட்டும் யோசனை உங்களுக்கு இருந்தால், என் முட்டாள்தனத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிரெய்லர் என் மனைவியின் தங்கை ஸ்டெல்லாவுடையது. அவள் வேலை பார்த்த ஃபேக்டரி கேன்டீனை மூடிவிட்டார்கள். இருந்த நகையை விற்று, சக்கரத்தில் ஓடும் டிபன் கடை ஒன்றைச் செய்துகொண்டாள். ஹனம்கொண்டாவில் ஒரு கல்லூரி வாசலில் இடமும் கிடைத்தது. திங்கள் காலை ஆறரைக்குக் கடை திறக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

காலை ஒன்பதே காலுக்கு நானும் ஸ்டெல்லாவும் கிளம்பினோம். மொத்தம் நூற்று நாற்பது கிலோமீட்டர். உப்பல் தாண்டுவதற்குள்ளேயே சரியில்லை என்று தெரிந்துவிட்டது. பிக்கப்பின் பின்பக்கம் ஒரு சாண் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வேகத்தடையில் அடி இடித்தது. ஐம்பதில் போனால் ஸ்டியரிங் பிடிமானமே இல்லாமல் ஆடியது. முன்சக்கரம் தரையைப் பிடிக்காவிட்டால் பிரேக்கை நம்ப முடியாது. கட்கேசருக்கு முன்னால் ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஓரங்கட்டினேன்.

ஸ்பிரிங்கில் கூட ஒரு பட்டை சேர்க்கச் சொன்னேன். மெக்கானிக் காஜா பாய் குனிந்து பார்த்தார். “கமான் அச்சா ஹை. நக்கோ சார்.” இங்கே நக்கோ என்றால் வேண்டாம், பட்டை ஸ்பிரிங்குக்குக் கமான் என்று பெயர். ஊருக்குப் புதிதில், வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து வண்டியைப் பின்னால் எடுத்தவன் நான். அவர் டிரெய்லரின் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். “பானி ஃபுல் ஹை.”

தொட்டி காலிதானே என்று கிளம்பும்போதே கேட்டிருந்தேன். “ஹவ் அத்தான்” என்று ஆமாம் போட்டிருந்தாள் ஸ்டெல்லா.

“ஏம்மா இப்படி?” என்றேன்.

“அங்க போர் தண்ணி அத்தான். உப்புத் தண்ணியில பருப்பு வேகாது. மொத நாளே சாம்பார் சரியில்லன்னா எவன் திரும்பி வருவான்? சொன்னா நீங்க நக்கோன்னுருவீங்க.”

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மனசு வரவில்லை. மூடியைத் திறந்து நானும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

தொட்டியில் முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ. அதில் பெரும்பகுதி டிரெய்லரை மாட்டிய கொக்கியின் மேல். பருப்புக்கு மட்டும் எவ்வளவு வேண்டும் என்றேன். “நாப்பது,” என்றாள். காஜா பாய் இரண்டு கேன் கொடுத்தார். நிரப்பி, பிக்கப்பில் கேபினை ஒட்டி வைத்தோம். மிச்சத்துக்கு அவளே குழாயைத் திறந்துவிட்டு, முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிக்கப்பின் கடைசியில் கிடந்த கிரைண்டரையும் முன்னால் நகர்த்தினோம். ஒரு சாண் தாழ்வு இரண்டு விரலாகக் குறைந்தது. இரண்டே காலுக்கு ஹனம்கொண்டா போய்ச் சேர்ந்தோம்.

டிரெய்லரை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரத்தின் மேலும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்கினால் போதும். அதற்காகச் சுமை எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்னால் தள்ளிவிடாதீர்கள், வால் ஆடும். கூடுதல் பட்டையோ காற்றுப் பையோ வண்டியைத் தூக்கித்தான் நிறுத்தும், கம்பெனி சொன்ன எடை வரம்பை உயர்த்தாது. முக்கியமாக, கூட வருபவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். எடை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

திங்கட்கிழமை கேன் தண்ணீர் தீர்ந்துபோனது. செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்டெல்லாவின் போன்.

“அத்தான், இந்தத் தண்ணியிலயும் வேகுது. அரை மணி நேரம் கூட ஆவுது, அவ்வளவுதான்.”